‘ஸேட்’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் ‘போதும்’

கேள்வி இது: சோகத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் சொல் ‘ஸேட்’. எஸ், ஏ, டி என்று மூன்றே எழுத்து. ஜெர்மன் மொழியில் கிட்டத்தட்ட இதே ஒலியுள்ள ‘ஸட்’ என்ற சொல்லுக்கு ‘சாப்பிட்டு வயிறு நிறைந்த’ என்று பொருள். இரண்டும் ஒரே சொல்லா? ஒன்றுதான் என்றால், வயிறு நிறைந்தவன் எப்படி மனம் வாடியவன் ஆனான்?

இரண்டும் ஒரே சொல்தான். பொருள் மாறியது ஆங்கிலத்தில். பழைய பொருளை விடாமல் வைத்திருப்பது ஜெர்மன். சாப்பாட்டு மேசையில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் ஜெர்மன்காரர் ‘நான் ஸட்’ என்பார். வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்று அர்த்தம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலேயரும் இதே இடத்தில் இதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொல்லிவிட முடியாது. அந்த ஒற்றுமை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆங்கிலச் சொல்லில் டி வரும் இடத்தில் ஜெர்மனில் பல சொற்களில் வல்லின டகரம் வருகிறது. சிவப்புக்கு ஆங்கிலத்தில் ‘ரெட்’, ஜெர்மனில் ‘ரோட்’. நல்லதற்கு ‘குட்’, அங்கே ‘கூட்’. இரத்தத்திற்கு ‘பிளட்’, அங்கே ‘புளூட்’. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே ட் ஆகத் தெரிந்தாலும் ஆங்கிலத்தில் அது டி (d), ஜெர்மனில் டீ (t). எழுத்துக்கூட்டலிலேயே வேறுபாடு தெரியும். ‘ஸேட்’டும் ‘ஸட்’டும் இதே வரிசையில் அச்சாகப் பொருந்துகின்றன. இன்னும் பின்னால் போனால் லத்தீனில் ‘ஸாட்டிஸ்’ என்ற சொல் இருக்கிறது. அதற்கு ‘போதுமான அளவு’ என்று பொருள். லத்தீனில் டீ நிற்கும் இடத்தில் அதன் உறவுமொழியான பழைய ஆங்கிலத்தில் டி வருவதும் தனித்த நிகழ்வு இல்லை. லத்தீனில் தந்தை ‘பாட்டெர்’. பழைய ஆங்கிலத்தில் அதுவே டி போட்டு எழுதும் ‘ஃபேடெர்’. இன்று அந்தச் சொல்லில் ஒலிக்கும் ‘த’ பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

‘ஸாட்டிஸ்’ வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. ‘ஸாட்டிஸ்ஃபை’ என்றால் போதும் என்னும்படி செய்வது. ‘ஸாச்சுரேட்’ என்றால் இனி ஏற்காது என்னும் அளவுக்கு ஊறவைப்பது. சொத்தைக் குறிக்கும் ‘அசெட்ஸ்’ கூட இதே குடும்பம்தான். இங்கிலாந்து நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சில் ‘அசெட்ஸ்’ என்றால் ‘போதுமானது’. இறந்தவர் விட்டுப்போனது அவருடைய கடனை அடைக்கப் போதுமா என்பது அங்கே எழுந்த கேள்வி. கடைசியிலுள்ள எஸ் பன்மைக் குறி என்று நினைத்துப் பிற்காலத்தார் அதை வெட்டி ‘அசெட்’ என்று ஓர் ஒருமையை உண்டாக்கினார்கள். ஆக, வங்கிக் கணக்கில் மகிழ்ச்சியாகப் பார்க்கும் சொல்லும் கண்ணீரோடு சொல்லும் சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

நிறைவு எப்படிச் சோகமானது என்பதற்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அகராதியே வேண்டாம். பாயசம் முதல் கிண்ணம் இனிக்கும், நான்காவது கிண்ணம் திகட்டும். திகட்டுதல் என்பது நிறைவுக்கு அடுத்த படி. அதற்கும் அடுத்த படியில்தான் ‘போதும் போதும்னு ஆயிடுச்சு’ என்கிறோம். அப்படிச் சொல்லும்போது யாரும் சாப்பாட்டை நினைப்பதில்லை; அலைச்சலையோ, சண்டையையோ, வாழ்க்கையையோ சொல்கிறார்கள். ‘போதும்’ என்ற நிறைவுச் சொல் இரண்டு முறை அடுக்கியதும் அலுப்புச் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஸேட்’ நடந்த பாதை இதுவே. ஜெர்மனும் பாதி தூரம் வந்திருக்கிறது: ‘எனக்கு இது ஸட்’ என்ற பொருளில் அவர்கள் சொல்லும் வழக்குக்கு ‘எனக்கு வெறுத்துப்போச்சு’ என்றே அர்த்தம். ஆங்கிலம் பிற்காலத்தில் இதே வழியில் இன்னொரு தடவையும் நடந்தது. வெறுத்துப்போனவர் இன்று ‘ஃபெட் அப்’ என்கிறார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘வயிறு முட்ட ஊட்டப்பட்டேன்’ என்பதுதான் அது.

பழைய ஆங்கிலத்தில் இந்தத் திருப்பம் நிகழும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். 937-இல் நடந்த புருனன்பர் போரைப் பற்றி ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில் ஒரு பாடல் உண்டு. அதில் செத்துக் கிடக்கும் ஸ்காட்லாந்து வீரர்களைப் பற்றி இரண்டு அடைமொழிகள் வருகின்றன: களைத்தவர்கள், போரால் ‘ஸேட்’ ஆனவர்கள். போர் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது; இனி ஒரு கவளமும் இறங்காது. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட பழைய ஆங்கிலப் பாடல் தொகுப்பான எக்ஸிடர் ஏட்டில் இன்னும் அழகான இடம் ஒன்று இருக்கிறது. அந்த ஏட்டின் விடுகதைகளில் ஐந்தாவதாக எண்ணப்படுவதில் ஒரு பொருள் தானே பேசுகிறது: நான் தனியாள், இரும்பால் காயப்பட்டவன், வாளால் வெட்டுண்டவன், போர்த்தொழிலால் ‘ஸேட்’ ஆனவன், வாள்முனைகளால் களைத்தவன். விடை, கேடயம். இரண்டு பாடல்களிலும் ‘ஸேட்’டுக்குப் பக்கத்திலேயே ‘களைத்த’ என்ற சொல் நிற்பதைக் கவனியுங்கள். நிறைந்தது, களைத்தது என்ற இரண்டும் இப்படி அருகருகே பல தலைமுறை நின்றால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் ஒட்டாமல் இருக்காது.

சரி, அந்தக் காலத்து ஆங்கிலேயர் சோகத்தை எப்படிச் சொன்னார்கள்? ‘உன்ரோட்’ என்ற சொல் இருந்தது. ‘ரோட்’ என்றால் மலர்ச்சி. ‘உன்’ சேர்த்தால் மலர்ச்சியின்மை. அந்தச் சொல் வழக்கொழிந்து, அது விட்டுப்போன இடத்தில்தான் ‘ஸேட்’ வந்து உட்கார்ந்தது. ‘நிறைந்த’ என்ற தன் பழைய வேலையை அது ‘ஃபுல்’லுக்கும் ‘ஸேட்டட்’டுக்கும் விட்டுக்கொடுத்தது. ‘ஸேட்டட்’ யாரோ அயலார் இல்லை. ‘ஸேட்’டிலிருந்து பிறந்த பழைய வினைச்சொல் லத்தீனின் சாயலில் உருமாறி வந்ததே அது.

சாதாரண விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடும்: நிறைவு, அலுப்பு, சோகம், முடிந்தது. ஆனால் நடுவில் முந்நூறு நானூறு ஆண்டுகள் இந்தச் சொல் வேறொரு பெரிய வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் பழைய ஆங்கில நூல்களைத் தப்பாகவே படிப்போம்.

நிறைந்த பாத்திரம் கனமாக இருக்கும். காலிப் பாத்திரம் லேசாக இருக்கும், தட்டினால் ஓசை கேட்கும். 1300-ஐ ஒட்டிய ஆங்கிலத்தில் ‘ஸேட்’ இந்தக் கனத்தைப் பிடித்துக்கொண்டது. உள்ளே வெற்றிடம் இல்லாத, கெட்டியான, அசையாத என்று பொருள் விரிந்தது. அந்தக் காலத்தில் ‘ஸேட்’டுக்கு எதிர்ச்சொல் மகிழ்ச்சி அல்ல, பொள்ளல். உள்ளே ஒன்றுமில்லாதது எதுவோ அதுதான் எதிர்.

இதற்குச் சான்று வீட்டுப் பொருள்களில் உறைந்து கிடக்கிறது. வெள்ளீயக் கலவையில் பாத்திரம் செய்த இங்கிலாந்துக் கம்மியர்கள் தங்கள் சரக்கை இரண்டாகப் பிரித்தார்கள். குடுவை, கூஜா போலக் குடைவானவை ‘ஹாலோவேர்’. தட்டு, தாம்பாளம் போலத் தட்டையான கெட்டிச் சரக்கு ‘ஸேட்வேர்’. சோகத் தட்டு என்று அதை மொழிபெயர்த்தால் அந்தக் கம்மியருக்கே சிரிப்பு வரும்.

இஸ்திரிப் பெட்டியை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். நம் ஊர்த் தெருமுனையில் கரி போட்டுத் தேய்க்கும் பெட்டி உள்ளே குடைவானது. மூடியைத் திறந்து கங்கைக் கொட்டுவார்கள். ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் ‘பாக்ஸ் அயர்ன்’ என்று பெயர். இதற்கு மாறாக, அடி முதல் மேல் வரை ஒரே இரும்புக் கட்டியாக வார்த்ததுதான் ‘ஸேட் அயர்ன்’. அதற்குள் நெருப்பு கிடையாது. அடுப்பின் மேல் வைத்துச் சூடேற்ற வேண்டும். ஆறிவிட்டால் வேலை நின்றுவிடும் என்பதால் இரண்டு மூன்று கட்டிகளை வைத்துக்கொண்டு ஒன்றில் தேய்க்கும்போது மற்றது சூடாகிக்கொண்டிருக்கும். இதில் பெரிய தொல்லை கைப்பிடி. பிடியும் இரும்பானதால் அதுவும் சேர்ந்து சுடும். துணியைச் சுற்றித்தான் பிடிக்க முடியும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஒட்டம்வா ஊரைச் சேர்ந்த மேரி ஃபுளோரன்ஸ் பாட்ஸ் என்ற பெண் 1871-இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை வாங்கினார். மரக் கைப்பிடி தனியாகக் கழன்று வரும். அடுப்பில் இரும்பு மட்டும் காயும். சூடானதும் பிடியை மாட்டித் தூக்கலாம். ஒரு பிடிக்கு மூன்று கட்டிகள் என்று சேர்த்தே விற்றார்கள். ‘ஸேட்’ என்ற சொல் சோகத்தை மட்டுமே குறிக்கத் தொடங்கி வெகுகாலம் ஆன பிறகும், இந்த இரும்புக்கட்டி பழைய அர்த்தத்தைச் சுமந்துகொண்டே நின்றது. தேய்க்கும் வேலை சோகமானது என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லை.

சமையலறையிலும் இது உண்டு. இங்கிலாந்தின் வட பகுதியில் ரொட்டியோ கேக்கோ எழும்பாமல் கெட்டித்துப்போனால் அது ‘ஸேட்’. மாவுக்குள் காற்று இல்லை, உள்ளே பொள்ளல் இல்லை, அதனால் கட்டி. காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவையே. தண்ணீர் அதிகச் சூடாக இருந்து ஈஸ்ட் செத்திருக்கும், அல்லது உள்பகுதி வெந்து இறுகுவதற்கு முன் அடுப்புக் கதவைத் திறந்து பார்த்ததில் எழும்பியது அமுங்கியிருக்கும். மாவு பொங்காமல் ஊற்றிய இட்லியை நாம் கல் என்கிறோமே, அதே பார்வை. லங்காஷயரில் இதையே பெயராக வைத்து ‘ஸேட் கேக்’ என்ற பண்டம் செய்கிறார்கள்: உலர்ந்த சிறுதிராட்சை சேர்த்துத் தட்டையாகத் தட்டிச் சுடும் மாவுப் பண்டம். அது எழும்பக் கூடாது என்றே செய்வது, தோற்றுப்போன கேக் அல்ல.

சாயத்தொழிலில் இந்தச் சொல் இன்றும் வினைச்சொல்லாக வேலை செய்கிறது. இயற்கைச் சாயமிடுகிறவர்கள் ஒரு நிறத்தை அடக்கி ஆழமாக்குவதை ‘ஸேடன்’ செய்வது என்கிறார்கள். அதற்குப் பயன்படுவது அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். முதலில் வழக்கம்போல் சாயமேற்றி முடிக்க வேண்டும். பிறகு நூலைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, 100 கிராம் நூலுக்கு 1 முதல் 2 கிராம் அன்னபேதியை வெந்நீரில் கரைத்துத் தொட்டியில் கலக்கி, அதன் பின் நூலை மறுபடி முக்கிக் கை ஓயாமல் புரட்ட வேண்டும். சில நிமிடங்களில் மஞ்சள் ஆலிவ் பச்சையாகும். மஞ்சிட்டிச் சிவப்பு பழுப்பும் ஊதாவும் கலந்து இருளும். நூலை எடுக்காமல் நேராகத் தூளைப் போட்டால் விழுந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுக்கும், அதை எடுக்க வழியில்லை. அளவு கூடினால் கம்பளி நூல் சொரசொரப்பாகி நாளடைவில் இற்றுப்போகும். இரும்பு பட்ட பாத்திரத்தை அடுத்த சாயத்துக்கு எடுத்தால் அந்த நிறமும் மங்கும். அதனால் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வார்கள். கடுக்காய் நீர் ஏறிய துணியில் இரும்புக் கரைசலால் வரைந்து கறுப்புக் கோடு எடுக்கும் காளஹஸ்தி கலம்காரிக் கைவேலையும் இதே வேதியியல்தான்: கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு.

17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவினர் ‘ஸேட் கலர்’ உடைகளை விரும்பினார்கள் என்று வரலாற்று நூல்களில் படிக்கிறோம். துக்கம் கொண்டாடும் கறுப்பு என்று அதைப் புரிந்துகொள்வது தவறு. பழுப்பும் செம்மண் நிறமும் ஊதாவும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. பளீரென்று அடிக்காத, ஆழ்ந்து அடங்கிய நிறம் என்பதே பொருள். மயில்கழுத்து நிறத்தையும் அரக்கு நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரக்கு ‘ஸேட்’.

இனி மனிதருக்கு வரலாம். கெட்டியான பொருள் ‘ஸேட்’ என்றால், ஆடாத அசையாத மனிதரும் ‘ஸேட்’தான். அது வசை அல்ல, பாராட்டு. ஆங்கிலக் கவிஞர் சாஸர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கதைத் தொகுப்பில் கிரிசெல்டா என்ற பெண் வருகிறாள். கணவன் அவளைச் சோதிக்கப் பெற்ற பிள்ளைகளையே பிரித்துக் கொண்டுபோகிறான். அவளைக் கவிஞர் ‘ஒரு சுவரைப் போல ஸேட் ஆகவும் மாறாதவளாகவும்’ இருந்தாள் என்கிறார். சுவர் அழுமா? கலங்காமல் நின்றாள் என்பதுதான் சொல்ல வந்தது. அதே கதையில் காற்றடித்த பக்கமெல்லாம் சாயும் ஊராரைத் திட்டும்போது ‘அன்ஸேட்’ என்கிறார். சோகமற்றவர்கள் என்று அதை எடுத்தால் அந்த வசைக்கு அர்த்தமே இல்லை. நிலையற்றவர்கள் என்று எடுத்தால் சுடுகிறது.

அதே காலத்து விக்ளிஃப் விவிலிய மொழிபெயர்ப்பில் எபிரெயர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில், உங்களுக்குப் பால்தான் வேண்டும், ‘ஸேட்’ உணவு அல்ல என்று வருகிறது. 1611-இன் ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘ஸ்ட்ராங்’ என்று மாற்றிக்கொண்டது. தமிழ் விவிலியத்தில் நாம் படிப்பது ‘பலமான ஆகாரம்’. ‘ஸேட்’ என்ற பழைய சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது.

கனம் எப்படி மதிப்பாகிறது என்பதும் தமிழருக்குப் புதிதல்ல. அமைச்சர் பெயருக்கும் நீதிபதி பெயருக்கும் முன்னால் முன்பெல்லாம் ‘கனம்’ என்று போடுவோம்; இன்று ‘மாண்புமிகு’. எடைச் சொல்தான் மரியாதைச் சொல்லானது. அதே ‘கனம்’ மனசோடு சேர்ந்தால் ‘மனசு கனமா இருக்கு’ என்று துயரமாகிறது. ஒரு சொல்லுக்குள்ளேயே பெருமையும் துயரமும் இரண்டு அறைகளில் குடியிருக்கின்றன. மூன்று நூற்றாண்டு காலம் ‘ஸேட்’ இருந்த நிலை இதேதான்: நிதானமான, பொறுப்பான, விளையாட்டுத்தனமில்லாத என்பது ஓர் அறை, துயரம் மற்றோர் அறை. விளையாடாத முகமும் வாடிய முகமும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரிவதால், இடையிலிருந்த சுவர் மெல்ல இடிந்துபோனது.

இரண்டு அறைகளும் திறந்திருந்த காலத்தில் எழுதியவர் ஷேக்ஸ்பியர். அவரைத் தமிழில் பெயர்ப்பவர்கள், கல்லூரியில் படிப்பவர்கள் அதிகமாக வழுக்கி விழுவது இங்கேதான். 1600-இல் அச்சான ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் முதல் வரியில் ஆண்டோனியோ தான் ஏன் இவ்வளவு ‘ஸேட்’ ஆக இருக்கிறேன் என்றே தெரியவில்லை என்கிறான். அது இன்றைய சோகம்தான், சந்தேகமில்லை. அதே நாடகம் இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில், இனி ஒழுங்காக நடந்துகொள்கிறேன் என்று வாக்களிக்கும் கிராஷியானோ, பாட்டியைத் திருப்திப்படுத்த ‘ஸேட்’ தோற்றம் காட்டப் பழகியவனைப்போல இருப்பேன் என்கிறான். பேரன் அழுமூஞ்சியாக நின்றால் எந்தப் பாட்டிக்குத் திருப்தி? அடக்க ஒடுக்கமான தோற்றம் என்பதே சரி. ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் தேனீக்களின் அரசாட்சியை வருணிக்கும்போது, சோம்பேறி ஆண் தேனீயைத் தண்டனைக்கு ஒப்படைக்கும் நீதிபதியின் கண்கள் ‘ஸேட்’ என்று வரும். அங்கும் சோகம் இல்லை, கண்டிப்பு. 1667-இல் வெளிவந்த மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காப்பியத்தின் ஆறாம் காண்டத்தில், படையோடு நெருங்கும் எதிரியின் முகத்தில் ‘ஸேட்’ உறுதி தெரிகிறது என்று ஒரு தேவதூதர் எச்சரிக்கிறார். அதைச் சோகமான உறுதி என்று பெயர்த்தால் எச்சரிக்கையே செத்துவிடும். அசையாத உறுதி.

1700-க்கு முந்தைய நூலில் இந்தச் சொல்லைக் கண்டால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் அது எந்தப் பெயர்ச்சொல்லோடு ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். கல், இரும்பு, மண், உணவு, துணி என்றால் ‘கெட்டியான’, ‘கனத்த’, ‘அடங்கிய’ என்பதிலிருந்து தொடங்குங்கள். நெற்றி, கண், முகம், பேச்சு, ஆலோசனை என்றால் ‘நிதானமான’, ‘பொறுப்பான’ என்பதை முதலில் பொருத்திப் பாருங்கள். அடுத்து, அதே வரியில் எதிராக என்ன நிற்கிறது என்று தேடுங்கள். கேலி, விளையாட்டு, இலேசு என்று ஏதாவது இருந்தால் கண்டிப்பாகச் சோகம் அல்ல. சிரிப்பு, களிப்பு, பண்டிகை எதிரே நின்றால் சோகமாக இருக்கலாம். இரண்டும் பொருந்துகிறது என்றால் ஆசிரியர் வேண்டுமென்றே இரட்டுற மொழிகிறாரா என்று யோசியுங்கள். அப்படியான இடம் ஒன்றைக் கடைசியில் காட்டுகிறேன். ‘இன் ஸேட்னஸ்’ என்ற தொடர் கண்ணில் பட்டால் மட்டும் அதிகம் யோசிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் ‘மெய்யாகவே’, ‘விளையாட்டில்லாமல்’ என்பதைக் குறித்த நிலைத்தொடர்.

உறவு அல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இவை ஓயாமல் சுற்றுகின்றன. பிறர் வலியில் இன்பம் காண்பதைக் குறிக்கும் ‘ஸேடிசம்’ இந்தக் குடும்பத்தில் இல்லை; அது தெ சாத் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் பெயரிலிருந்து வந்தது. குதிரைச் சேணமான ‘ஸேடில்’ ‘உட்கார்’ என்ற வேரைச் சேர்ந்தது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வரும் மனச்சோர்வுக்கு ‘எஸ்ஏடி’ என்று பெயர் வழங்குவது ஒரு சுருக்கெழுத்து. ‘பருவகால மனநிலைக் கோளாறு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, 1984-இல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் உடன் ஆய்ந்தவர்களும் கட்டுரை எழுதியபோது வந்த பெயர் அது. எதிர்பாராத உறவு ஒன்றும் இருக்கிறது: அங்கத எழுத்தைக் குறிக்கும் ‘சடையர்’. கிரேக்கக் காட்டுத் தேவதையான சேட்டரோடு அதைக் குழப்பிப் பல காலம் எழுத்தையே மாற்றி எழுதினார்கள். உண்மையில் அது ‘நிறைந்த’ என்ற பொருளுள்ள ‘ஸாட்டுர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பலவகைக் கனிகள் நிறைந்த படையல் தட்டின் பெயர், பல பொருள் கலந்து எழுதும் செய்யுளுக்கு ஆகிவந்தது.

பக்கத்தில் நிற்கும் ‘சாரி’, ‘சாரோ’ என்ற இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆனால் ஒட்டுறவே கிடையாது. ‘சாரி’ புண்ணைக் குறிக்கும் ‘சோர்’ என்பதிலிருந்து வந்தது. ‘சாரோ’ கவலையைக் குறிக்கும் வேறொரு பழஞ்சொல். ஜெர்மனில் இன்றும் ‘சோர்கெ’ என்றால் கவலை. ஒலி நெருங்கியதால் பொருளும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. ‘கிரீஃப்’ லத்தீனில் கனத்தைக் குறிக்கும் ‘கிராவிஸ்’ வழியில் பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘டிப்ரெஷன்’ என்பது கீழே அழுத்துவது. சோகத்துக்கு ஆங்கிலம் கையாளும் சொற்களில் எத்தனை எடைச் சொற்கள்! நம் ‘சோகம்’ வேறு வழி: வடமொழியில் அதன் வேருக்கு எரிதல், ஒளிர்தல் என்று பொருள். அங்கே துயரம் எடையல்ல, தீ.

கடைசியாக, சொன்ன அந்த இடம். ‘ரோமியோ ஜூலியட்’ முதல் அங்கம் முதல் காட்சி. யாரைக் காதலிக்கிறாய் என்று பென்வோலியோ ‘இன் ஸேட்னஸ்’ கேட்கிறான். விளையாடாமல் சொல் என்பது அவன் கருத்து. ரோமியோ சோகம் என்ற மற்றப் பொருளைப் பிடித்துக்கொண்டு, முனகி முனகிச் சொல்லட்டுமா என்கிறான். முனக வேண்டாம், ‘ஸேட்லி’ சொல் என்கிறான் நண்பன். நோயாளியைப் பார்த்து ‘ஸேட்னஸ்’ஸோடு உயில் எழுதச் சொல்கிறாயே, நொந்தவனிடம் சொல்லத்தக்க சொல்லா இது என்று ரோமியோ மறுபடி மடக்குகிறான். ‘மெய்யாக’ என்றோ ‘சோகமாக’ என்றோ ஒரு பக்கம் சாய்ந்து பெயர்த்தால் இந்த உரையாடல் முழுதும் உளறலாகிவிடும்.

தமிழில் இதற்கு ‘வருந்தி’ என்ற சொல் கைகொடுக்கும். ‘வருந்தி அழைத்தாலும் வாராத வாரா’ என்ற ஔவையின் நல்வழி அடியில் வருந்தி என்பது அழுதுகொண்டு என்பதல்ல, முழு மனதோடு முயன்று என்பது. அதே சொல் துயரத்தையும் குறிக்கும். ஆக, பென்வோலியோ இப்படிக் கேட்கலாம்: ‘வருந்திக் கேட்கிறேன், யாரென்று சொல்.’ ரோமியோ: ‘வருந்தியா? அப்படியானால் முனகிக்கொண்டே சொல்லட்டுமா?’ பென்வோலியோ: ‘முனகல் வேண்டாம், கொஞ்சம் வருந்தி யாரென்று மட்டும் சொல்.’ ரோமியோ: ‘ஏற்கெனவே வருந்துகிறவனிடம் வருந்தச் சொல்கிறாயே.’